விடுகதைக்கு ஒரே விடைதானா?

தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழனை எண்ணிச் செல்கிறார். இவற்றுள் பிசி எனப்பட்டது இன்று விடுகதை என வழங்குவதே ஆகும். பாட்டையும் நூலையும் வைத்த வரிசையிலேயே விடுகதையையும் வைத்தார் அப்பேராசிரியர். இன்றோ அது சிறுவர் பகுதியின் அடியில், படங்களுக்கிடையே எஞ்சிய இடத்தை நிரப்புவதற்குப் பயன்படும் பண்டமாகி விட்டது. அதன் கீழேயே விடையும் தலைகீழாக அச்சிடப்பட்டு விடுகிறது. தாளைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை அதிலிருந்து வேறெதையும் கற்றுக்கொள்வதில்லை.

விடுகதை, அழிப்பான் கதை, வெடி, நொடி என ஊருக்கொரு பெயர் இதற்கு உண்டு. மலாயாத் தோட்டங்களில் இப்பெயர்கள் ஒருங்கே வந்து சேர்ந்தன. தமிழகத்துப் பல மாவட்டங்களிலிருந்து வந்தோர் லயத்து வாசலில் விடுகதை போட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார் வீடுகளில் அதுவே நொடி ஆயிற்று. அந்தி மயங்கிய பின் பாட்டி கேட்பாள், பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள், பாட்டி ஒவ்வொன்றையும் எடைபோட்டு, “அதுவும் சரிதான், ஆனால் வால் எங்கே?” என்று மறுகேள்வி போடுவாள். அந்த மறுகேள்வியில்தான் விடுகதையின் உயிர் இருந்தது. அச்சில் ஏறியபோது வினாவும் விடையும் மட்டும் ஏறின, மறுகேள்வி ஏறவில்லை.

நல்ல விடுகதை எது, தீயது எது என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டாவா? தொல்காப்பியர் பிசியை இரு வகைப்படுத்தினார். ஒன்று, ஒப்புமையோடு கூடி வருவது. மற்றொன்று, தோன்றுகின்ற இயல்பைச் சொல்லிப் பொருளைத் துணிய வைப்பது. முன்னதற்கு உரையாசிரியராகிய பேராசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு, பிறையைக் கவ்விக்கொண்டு நடக்கும் ஒரு மலையைப் பற்றியது. யானை என்பது விடை. பிறை என்றது கொம்பை. மலை என்றது உடலை. மலை நடவாது, பிறையை எதுவும் கவ்வாது என்னும் எண்ணத்தால் கேட்போன் திகைக்கிறான். விடை தெரிந்தபின் ஒவ்வொரு சொல்லும் தத்தம் இடத்தில் வந்து பொருந்துகிறது. மறைத்த சொல்லே காட்டியும் கொடுக்கிறது. விடுகதைகளைத் தொகுத்து ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆர்ச்சர் டெய்லர் என்பாரும், உண்மையான விடுகதை ஒரு பொருளை அதனின் முற்றிலும் வேறான பிறிதொன்றோடு ஒப்பிடுவது என்றே கொண்டார். 

ஆகவே அளவுகோல் வினாவுக்குள்ளேயே இருக்கிறது. வினாவிலுள்ள ஒவ்வொரு சொல்லும் பொருந்துமாயின் அவ்விடை சரியான விடை. ஒரு சொல் பொருந்தாவிடினும் அது பிழை. விடைப்புத்தகம் இதற்கு நடுவராகாது. இதைச் சொல்வது எளிது. வகுப்பறையில் கடைப்பிடிப்பது அரிது.

வெட்ட வெட்ட வளர்வது எது என்னும் வினா பலரும் அறிந்ததே. நகம் என்று ஒரு தொகுப்பு விடை கூறும். தலைமயிர் என்று இன்னொன்று கூறும். பள்ளம் என்றும் சொல்வதுண்டு. மூன்றையும் அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நகமும் மயிரும் வெட்டவும் படும், வளரவும் செய்யும், ஐயமில்லை. பள்ளமோ வெட்ட வெட்டப் பெரிதாகுமேயன்றி வளர்வதில்லை. வளர்தல் தானே நிகழ்வது. பெரிதாதல் பிறரால் நிகழ்வது. ஆயின், “வெட்ட வெட்டப் பெரிதாவது எது?” என்று வினாவை மாற்றிவிட்டால் பள்ளம் முன்னே வந்துவிடும், நகம் பின்னே போய்விடும். இவ்வேறுபாட்டை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டால் அரைமணி நேரம் வழக்காடுவார்கள். அவ்வழக்கே சொற்பொருள் பாடம். அதை விட்டு, “விடை நகம், மற்றவை பிழை” என்று கரும்பலகையில் எழுதுவது பாடத்தைக் கொடுத்துவிட்டுப் பறிப்பதாகும்.

இதே வினாவுக்குத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன், “பால்மரத்துப் பட்டை” என்று விடை சொல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பட்டணத்தில் வளர்ந்த ஆசிரியர் சிரிக்கக்கூடும். சிரிப்பதற்கு இடமே இல்லை. தோட்டத்தில் “மரம் வெட்டப் போனாள்” என்றால் மரத்தைச் சாய்க்கப் போனாள் என்பது பொருளன்று. பட்டையை மெல்லிதாகச் சீவிப் பால் எடுக்கப் போனாள் என்பதே பொருள். கத்தி ஆழமாக இறங்கி உள்ளிருக்கும் வளர்படையைக் காயப்படுத்தாத வரையில், சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும். சில ஆண்டுகள் கழித்து அதே இடம் மறுபடியும் வெட்டுக்கு வரும். வெட்டும் உண்டு, வளர்ச்சியும் உண்டு. வினாவின் சொற்கள் அனைத்தும் பொருந்துகின்றன. இன்னும் சொல்லப்போனால், நகம் என்ற விடை எவருக்கும் கைவிரலைப் பார்த்தால் தோன்றும். பட்டை என்ற விடை தாயின் தொழிலைக் கூர்ந்து கவனித்த பிள்ளைக்கே தோன்றும். இரண்டில் உயர்ந்தது எது? பிழை என்று குறியிடும் சிவப்பு மை, விடையை மட்டுமா அடிக்கிறது? வீட்டில் கண்டதும் கேட்டதும் பள்ளிக்குச் செல்லாத காசு என்றல்லவா அப்பிள்ளை நினைத்துக்கொள்ளும்?

நிற்க. சொல்விளையாட்டாக அமைந்த புதிர்களில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே எழுத்துகளே சான்று. மூன்றெழுத்துச் சொல் ஒன்று. முதலெழுத்தை நீக்கினால் நிலத்தில் ஊன்றலாம். நடுவெழுத்தை நீக்கினால் பாட்டி சொல்வாள். கடையெழுத்தை நீக்கினால் புலவனும் ஆவான், குரங்கும் ஆவான். விடை ‘கவிதை’. விதை, கதை, கவி என மூன்றும் பிசகின்றி வருகின்றன. கவி என்னும் சொல் புலவனையும் குரங்கையும் ஒருங்கே குறிப்பது மொழியின் குறும்பு. புலவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்! குதிரையும் அவ்வாறே குதி, திரை, குரை என மூன்றாகப் பிரிந்து நிற்கும். இத்தகையன எழுத்தெண்ணும் பழக்கத்தையும், ஒரு மாத்திரைக் குறிலும் இரு மாத்திரை நெடிலும் பொருளை எவ்வாறு மாற்றும் என்னும் உணர்வையும் ஊட்ட வல்லன. பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடிய காளமேகப் புலவரின் வித்தைக்கு இவை முதற்படி. நாவல்மரத்தடியில் ஒளவையாரிடம் சுட்ட பழமா, சுடாத பழமா என்று சிறுவன் கேட்ட கதை இதனினும் நுட்பமானது. மணலில் விழுந்த பழத்தை ஒளவையார் ஊதிய அக்கணமே விடை வெளிப்பட்டு விடுகிறது; வாய் திறந்து எவரும் விளக்க வேண்டியதில்லை.

சொற்புதிரைப் பிறமொழியிலிருந்து பெயர்ப்பவர்கள்தாம் பெரும்பிழை செய்கின்றனர். முகம் உண்டு, கைகள் உண்டு, ஆனால் உயிர் இல்லை, அது என்ன என்று ஒரு வினா சிறுவர் பகுதிகளில் அடிக்கடி தலைகாட்டும். விடை கடிகாரமாம். ஆங்கிலேயன் கடிகாரத்தில் ஓடுவதைக் கை என்கிறான். தமிழன் முள் என்கிறான். கை என்ற சொல் தமிழ்ப்பிள்ளையின் செவியில் கடிகாரத்தை எழுப்பாது, பொம்மையைத்தான் எழுப்பும். அப்பிள்ளை ‘பொம்மை’ என்று சொன்னால் அதுவே சரியான விடை. புத்தகம் சொன்ன கடிகாரம்தான் பிழை! முள் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் தமிழில் எத்துணை எளிதாக ஒரு விடுகதை பிறக்கும்: முள் உண்டு, குத்தாது, இரவும் பகலும் ஓடும், வீட்டை விட்டு வெளியேறாது. பெயர்ப்பதற்குச் செலவிடும் உழைப்பில் பாதியைப் புனைவதற்குச் செலவிட்டிருக்கலாம்.

இனிக் கணக்குப் புதிர்களுக்கு வருவோம். பொருள் நிறைந்த பகுதி இதுதான்.

மரத்தில் தனித்திருந்த புறா ஒன்று, பறந்து சென்ற கூட்டத்தைப் பார்த்து, “நீங்கள் 100 பேரா?” என்று கேட்டது. “நாங்களும், எங்களைப் போல் இன்னும் அத்தனை பேரும், எங்களில் பாதியும், அப்பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால் 100” என்று கூட்டம் விடையிறுத்தது. கூட்டத்தில் எத்தனை புறாக்கள்? இக்கணக்கை இடைநிலைப்பள்ளி மாணவன் எழுத்தை வைத்துச் சமன்பாடாக எழுதி முடித்துவிடுவான். தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு அது இயலாதே என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவார் உளர். தள்ள வேண்டியதில்லை. பாதியும் பாதியில் பாதியும் முழு எண்ணாக வரவேண்டுமாதலால் கூட்டம் நான்கால் வகுபடவேண்டும். கூட்டம் 4 என்றே பொய்யாக வைத்துப் பார்க்கட்டும். 4, மீண்டும் 4, பாதி 2, அதில் பாதி 1, ஆக 11. கேட்ட புறாவை நீக்கினால் வரவேண்டியது 99. 11 எத்தனை முறை எடுத்தால் 99? 9 முறை. ஆகவே கூட்டம் 4இன் 9 மடங்கு, அதாவது 36. ஒரு பொய்யெண்ணைப் பிடித்துக்கொண்டு மெய்யெண்ணுக்குப் போகும் இவ்வழி மிகப் பழையது. கிறித்துவுக்கு ஏறத்தாழ 1550 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்திய ரைண்ட் பாப்பிரசுச் சுவடியிலும் இம்முறையால் செய்த கணக்குகள் காணப்படுகின்றன.

இப்புறாக் கணக்கு தமிழர்க்கு மட்டுமே உரியது என்று பெருமை பேசுவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். ஐரோப்பாவில் சார்லமேன் பேரரசனின் அவையில் இருந்த ஆல்குவின் என்னும் அறிஞர் 804ஆம் ஆண்டில் மறைந்தவர். இளைஞரின் அறிவைக் கூர்மையாக்குவதற்கென்று இலத்தீனில் அமைந்து, அவர் பெயரால் வழங்கும் கணக்குத் தொகுதி ஒன்றுண்டு. அதன் இரண்டாவது கணக்கில், வழியில் செல்லும் ஒருவன் எதிரே வரும் மனிதர்களைப் பார்த்துச் சற்றேறக்குறைய இதே கணக்கைப் போடுகிறான். தன்னையும் சேர்த்தால் 100 என்கிறான். விடை அங்கும் 36. அதே தொகுதியில் ஓநாய், வெள்ளாடு, கோசுக்கீரை ஆகிய மூன்றையும் படகில் ஆற்றைக் கடத்தும் கணக்கும் இருக்கிறது. தமிழில் அது புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று வழங்குவதை யாவரும் அறிவர். யாரிடமிருந்து யார் பெற்றார் என்று வழக்காடுவதால் பயனில்லை. ஓநாய் புலியானதும் கீரை புல்லானதும் கவனிக்கத்தக்கன. கணக்கின் எலும்பு மாறவில்லை. தசை மாத்திரம் அவ்வவ்வூர்க்கேற்ப மாறியது. கடிகாரத்தைப் பெயர்த்தவருக்குக் கைவராத வித்தை இதுவே.

அப்புலி ஆட்டுக் கணக்கிலும் விடைப்புத்தகம் ஓர் அநீதி செய்கிறது. முதலில் ஆட்டை அக்கரை சேர்க்கவேண்டும் என்பது விரைவில் தெரிந்துவிடும். அடுத்து எதைக் கொண்டுபோனாலும் அக்கரையில் ஒன்றையொன்று தின்னும். இங்கேதான் பிள்ளைகள் நின்றுவிடுவர். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவரலாகாது என்று எவரும் சொல்லவில்லை. ஆனாலும் மனம் அதைத் தானே ஒரு விதியாக வைத்துக்கொள்கிறது. ஆட்டைத் திருப்பிக் கொண்டுவரும் துணிவு பிறந்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். 7 பயணத்தில் எல்லாம் கரை சேரும். இரண்டாவதாகப் புலியைக் கொண்டுபோகலாம். அன்றிப் புல்லுக்கட்டையும் கொண்டுபோகலாம். இரண்டும் சமமான வழிகள். புத்தகமோ பெரும்பாலும் ஒரு வழியை மட்டுமே அச்சிடும். புல்லுக்கட்டை முதலில் கொண்டுபோன பிள்ளை, புத்தகத்தில் புலி இருப்பதைக் கண்டு தன் விடையை அழித்துவிடுகிறது. சரியான விடையை அழிக்கக் கற்றுக்கொடுக்கும் கல்வி எத்தகைய கல்வி?

மரியாதை ராமன் மேல் ஏற்றியும் பிறர் மேல் ஏற்றியும் சொல்லப்படும் 17 யானைக் கதை இன்னொரு வகை. தந்தை விட்டுச்சென்ற 17 யானைகளில் மூத்தவனுக்குப் பாதி, நடுவனுக்கு மூன்றில் ஒன்று, இளையவனுக்கு ஒன்பதில் ஒன்று. நடுவர் தம் யானையொன்றைச் சேர்த்து 18 ஆக்கி, 9, 6, 2 எனப் பங்கிட்டுத் தம் யானையோடு வீடு திரும்புகிறார். கேட்போர் கைதட்டுகின்றனர், ஆசிரியரும் அத்தோடு நிறுத்திவிடுகிறார். உண்மையில் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. கடன் வந்த யானை ஏன் திரும்பிப் போயிற்று? பாதியும் மூன்றில் ஒன்றும் ஒன்பதில் ஒன்றும் கூடினால் பதினெட்டில் பதினேழுதான் ஆகும், முழுமை ஆகாது. தந்தை பதினெட்டில் ஒரு பங்கை எவருக்கும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குறைதான் நடுவருக்குப் புகழ் வாங்கிக் கொடுத்தது. மூத்தவனுக்கு எட்டரைக்குப் பதிலாக 9 கிடைத்தது. மற்றவர்க்கும் உரியதைவிடச் சிறிது கூடவே கிடைத்தது. ஆகவே எவரும் முணுமுணுக்கவில்லை.

இந்த உட்பொருளைக் கண்ட பிள்ளை தானே புதிர் புனையும். 7 ஆடுகள், ஒருவனுக்குப் பாதி, ஒருவனுக்குக் கால், ஒருவனுக்கு அரைக்கால். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று வந்தால் 8. பங்கு 4, 2, 1. மிஞ்சியது பக்கத்து வீட்டுக்கு. அரைக்கால் என்னும் அழகிய சொல் எண்சுவடியோடு மறைந்து எட்டில் ஒன்று என்று பாடநூலில் வறண்டு கிடக்கிறது. இப்படி ஒரு புதிரால் அது மீண்டும் நாவில் ஏறும். காரி நாயனாரின் கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை வெட்டாமலே காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்துச் சுளைகளின் தொகையைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. அதை முன்னோர் பெருமையாக மேடையில் சொல்வோர் பலர். ஒரு பலாப்பழத்தை வாங்கி வகுப்பில் வைத்து முள்ளை எண்ணி, பின் வெட்டிச் சுளையை எண்ணிப் பார்ப்பவரே முன்னோரை மதிப்பவர். விதி தவறினாலும் சுளை வீணாகாது.

எல்லாப் புதிரும் நேர்மையானது என்று சொல்வதற்கில்லை. மரத்தில் 10 குருவிகள், ஒன்றைச் சுட்டால் மீதி எத்தனை என்று கேட்டு, 9 என்ற பிள்ளையைப் பார்த்து, “எல்லாம் பறந்து போயினவே!” என்று சிரிப்பது ஒரு வழக்கம். அப்படியானால், “செத்த குருவி கிளையிலேயே சிக்கியிருந்தால் மீதி ஒன்று” என்று சொல்லும் பிள்ளைக்கு அந்தச் சிரிப்புக்காரர் என்ன மறுமொழி சொல்வார்? எதிரியை மட்டந்தட்டுவதற்கென்றே பிறந்த வினா இது. மூவர் ஆளுக்குப் பத்தாக 30 வெள்ளி கொடுத்து விடுதியில் தங்கிய கணக்கு அப்படியன்று. கணக்கர் 5 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தனுப்ப, பையன் இரண்டை மறைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்தான். ஆளுக்கு 9 ஆக 27, பையனிடம் 2, மொத்தம் 29, ஒரு வெள்ளி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. பையனிடமுள்ள 2, அந்த 27க்குள்ளேயே அடங்கியது; அதை மீண்டும் கூட்டச் சொன்ன வினாதான் திருட்டு வினா. எந்த வினாவும் நேர்மையானதே என்று நம்பிப் பழகிய மாணவனுக்கு இது ஒரு நல்ல மருந்து. பெரியவர்களுக்கும் தேவையான மருந்தே. கடன்பத்திரம் எழுதும் கடைகளில் இத்தகைய கூட்டல் அரிதன்று.

மலேசியாவில் 2013ஆம் ஆண்டில் தொடங்கிய கல்விப் பெருந்திட்டம் உயர்நிலைச் சிந்தனைத் திறனை வற்புறுத்தியது. ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் நீக்கப்பட்டது. விடையை மனப்பாடம் செய்வித்ததற்குத் தேர்வைக் காரணம் காட்டிவந்தோர்க்கு அக்காரணமும் போயிற்று. ஆயினும் சிந்தனைத் திறனுக்கென்றே வெளியாகும் பயிற்சி நூல்களிலும் கடைசிப் பக்கத்தில் விடைப்பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வினாவுக்கும் நேரே ஒரு சொல். ஏன் அச்சொல், வேறு சொல் ஏன் ஆகாது என்பதற்கு ஒரு வரியேனும் அங்கே இல்லை. தொகுப்பாசிரியர்கள் விடையைக் கொடுப்பதாயின் காரணத்தோடு கொடுக்கட்டும். அன்றேல் ஒரு வாரம் பொறுத்துக் கொடுக்கட்டும். லயத்துப் பாட்டிகள் விடையை மறுநாள் அந்திவரை நிறுத்தி வைத்தது சோம்பலால் அன்று.

17 யானைக் கணக்கும் 7 ஆட்டுக் கணக்கும் ஒரே குடும்பத்தவை. மூவருக்கும் பங்கு வெவ்வேறாய், ஒவ்வொன்றும் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என ஒற்றைப் பங்காகவே இருக்கவேண்டும். ஒன்றைக் கடன் வாங்கினால் அனைத்தும் முழு எண்ணாய்ப் பிரிந்து அந்த ஒன்றே மிஞ்சவேண்டும். இந்நிபந்தனைகளுக்கு உட்பட்ட கணக்குகள் மொத்தம் 7. இங்கே சொல்லப்பட்டவை போக 5 இருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதில் 41 உயிர்கள் பங்கிடப்படும். எஞ்சிய ஐந்தையும் காண்பதற்குப் பின்னக் கூட்டல் தெரிந்த பிள்ளைக்கு ஒரு தாளும் ஒரு மாலையும் போதும். விடை இங்கே தலைகீழாக அச்சிடப்படவில்லை.